சுருள் கேலக்ஸிகளில் நட்சத்திரம் பிறக்கும் இடங்களைப் பார்ப்பது எப்படி

டெலஸ்கோப்பில் ஒரு கேலக்ஸியைப் பார்க்கும்போது கண் நேராகப் போய் நிற்பது அதன் நடுவில்தான், ஏனென்றால் அங்கேதான் வெளிச்சம் அதிகம். ஆனால் பெரும்பாலான சுருள் கேலக்ஸிகளில் அந்த நடுப்பகுதி வயதான நட்சத்திரங்களின் கூட்டம். புது நட்சத்திரங்கள் பிறப்பது அதைச் சுற்றி ஓடும் சுருள் கரங்களில், அங்கங்கே திட்டுத்திட்டாக. அந்தத் திட்டுகளைத் தேடிப் பிடிப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண்ணால் பார்க்கலாம், கேமரா வைத்துப் பிடிக்கலாம், சொந்த டெலஸ்கோப்பே இல்லாவிட்டாலும் விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவை இறக்கிப் பார்க்கலாம்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். வாயு மேகம் சுருங்கி நட்சத்திரங்கள் பிறக்கும்போது பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை, அத்தனை தூரத்திலிருந்து அவை நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கூடவே சூரியனைப் போல் 15, 20 மடங்குக்கு மேல் நிறையுள்ள சிலவும் பிறக்கும். அவை கொட்டும் புற ஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்க, அந்த வாயு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. இதுதான் ஹெச்-ஆல்பா ஒளி. இந்தப் பெரிய நட்சத்திரங்களின் ஆயுள் சில மில்லியன் ஆண்டுகள்தான், பிறந்த இடத்தைவிட்டுத் தூரம் போவதற்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். அதனால் ஒரு சுருள் கரத்தில் ஹெச்-ஆல்பா எங்கே ஒளிர்கிறதோ அங்கே கடந்த 10 மில்லியன் ஆண்டுகளுக்குள் நட்சத்திரம் பிறந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

எம் 33-இல் தொடங்குங்கள்

டிரையாங்குலம் கேலக்ஸி என்கிற எம் 33 (எம் என்பது மெசியே பட்டியல் எண், கீழே வரும் என்ஜிசி இன்னொரு பட்டியல்) நம்மிடமிருந்து ஏறக்குறைய 27 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கேலக்ஸி கணக்கில் இது அடுத்த வீடு. இதன் வடகிழக்குக் கரத்தில் என்ஜிசி 604 என்று ஒரு நெபுலா, அதாவது ஒளிரும் வாயு மேகம், இருக்கிறது, 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. குறுக்களவு கிட்டத்தட்ட 1,500 ஒளியாண்டு. நமக்குப் பழக்கமான ஓரியன் நெபுலா 24 ஒளியாண்டுதான் என்பதை வைத்துப் பார்த்தால் அளவு புரியும். உள்ளே 200-க்கு மேல் சூடான பெரிய நட்சத்திரங்கள், வயது 30, 40 லட்சம் ஆண்டு. வேறொரு கேலக்ஸியில் நட்சத்திரம் பிறந்த இடத்தை நம் கண்ணாலேயே நேரடியாகப் பார்க்க வடவானத்தில் இதைவிட நல்ல பொருள் கிடையாது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டிலிருந்து எம் 33 உச்சத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்தில் இருக்கும், அதாவது நல்ல உயரம். தொல்லை என்னவென்றால் அது மாலையில் வசதியாகக் கிடைக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை விட்டதும் டிசம்பர் கடைசியில் இரவு ஏழரை மணிவாக்கில் உச்சத்தில் இருக்கும். ஜனவரி என்றால் இருட்டியதுமே டெலஸ்கோப்பைத் திருப்பிவிட வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் நள்ளிரவு தாண்டி விழித்திருக்கத் தயார் என்றால் அதுவும் சரி.

கண்டுபிடிக்க: ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவில் மிராக் என்ற நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அதிலிருந்து ஒரு பக்கம் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி இருக்கும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே தூரம் போனால் எம் 33. இது வானில் ஒரு டிகிரிக்கு மேல் பரந்து கிடப்பதால் வெளிச்சம் மெலிதாகப் பரவியிருக்கும், நகர வெளிச்சத்தில் சுத்தமாகக் காணாமல் போய்விடும். எனவே இருண்ட இடத்துக்குப் போவதற்குப் பதிலாக இன்னும் பெரிய டெலஸ்கோப் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில், பணத்தைப் பெட்ரோலுக்குச் செலவிடுங்கள் என்பதுதான். ஜவ்வாது மலைப்பக்கம் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவினார்கள் என்றால் அந்தப் பக்கத்து இருட்டும் ஒரு காரணம்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அரைமணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். குறைந்த உருப்பெருக்கத்தில், சுமார் 40, 50 மடங்கில், கேலக்ஸியின் மங்கலான நடுப்பகுதியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வடகிழக்காக 12 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க் நிமிடம்) மெல்ல நகருங்கள். 11-ஆம் அளவு ஒளியுள்ள (எண் கூடக்கூட மங்கல்) ஒரு நட்சத்திரம் வரும், அதை ஒட்டினாற்போல், நட்சத்திரம் மாதிரிக் கூர்மையாக இல்லாமல், ஒரு சின்னப் பஞ்சுத் திட்டு. அதுதான் என்ஜிசி 604. நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பாருங்கள், குழாயை விரலால் லேசாகத் தட்டினால் அசைவில் இன்னும் நன்றாகப் பிடிபடும். பிடிபட்டபின் 150 மடங்குவரை ஏற்றலாம். கேலக்ஸியின் உடல் கரைந்து போனாலும் இந்தத் திட்டு தாங்கும், அதன் பரப்பொளி அவ்வளவு அதிகம். 4 அங்குல டெலஸ்கோப்பிலேயே தெரியும். 8 அங்குலத்தில் அது வட்டமாக இல்லை என்பதும் தெரியத் தொடங்கும்.

இப்போது பார்த்தது நெபுலாதானா, இல்லை வெறும் நட்சத்திரக் கூட்டமா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நெபுலாவின் ஒளியை மட்டும் விடும் ஓ-3 ஃபில்டர் அல்லது யூஎச்சி ஃபில்டரை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) திருகாமல் கையில் பிடித்து, கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே கொண்டுவருவதும் விலக்குவதுமாகச் செய்யுங்கள். ஃபில்டர் வரும்போது பக்கத்து நட்சத்திரம் பொசுக்கென்று மங்கும், நெபுலா மட்டும் அப்படியே நிற்கும். நட்சத்திரத்தின் ஒளி எல்லா அலைநீளத்திலும் பரவியிருக்கிறது, ஃபில்டர் அதில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. நெபுலாவின் ஒளியோ ஓரிரு கோடுகளிலேயே குவிந்திருக்கிறது, அதில் இருமுறை அயனியான ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் கோடு ஃபில்டர் வழியே தாராளமாக வருகிறது. ஹெச்-ஆல்பா ஃபில்டரைக் கண்ணால் பார்க்க வாங்காதீர்கள், இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது, 500-ஐ ஒட்டிய பச்சையில்தான் கூர்மை அதிகம். ஹெச்-ஆல்பா கேமராவுக்கு உரியது.

இந்த ஃபில்டர் சோதனையை எதிர்ப்பக்கமாகவும் செய்து பார்க்கலாம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் தென்மேற்கு முனைப்பக்கம் என்ஜிசி 206 என்ற திட்டு இருக்கிறது, அது இளம் நீல நட்சத்திரங்களின் பெரிய கூட்டம். அங்கே ஃபில்டரை ஆட்டினால் எல்லாம் சேர்ந்தே மங்கும். வாயு பெரும்பாலும் விலகிப் போய், நட்சத்திரங்கள் மட்டும் மிஞ்சிய கட்டம் அது. ஒரே இரவில் இரண்டையும் பார்த்துவிட்டால், பிறப்பின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களைப் பார்த்த மாதிரி.

இன்னும் தூரமாக

எம் 33 கைவந்ததும் எம் 101-க்குப் போங்கள். சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. இதன் கரங்களில் இருக்கும் நெபுலாக்கள் சிலவற்றுக்குத் தனித்தனி என்ஜிசி எண்ணே கொடுத்திருக்கிறார்கள்: 5447, 5455, 5461, 5462, 5471. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே 45 டிகிரிக்குச் சற்று மேலே ஏறும், ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம். 10 அங்குலத்துக்கு மேல் டாப்சோனியன் டெலஸ்கோப் இருந்தால், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தேடலாம். என்ஜிசி 5471 நடுவிலிருந்து மிகவும் தள்ளி இருப்பதால் பலரும் தவறவிடுவது அதைத்தான், கேலக்ஸி முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தையும் தாண்டிப் போய்ப் பாருங்கள்.

நமக்குத் தெற்கே எம் 83 இருக்கிறது. சித்திரை நட்சத்திரத்திலிருந்து ஏறக்குறைய நேர் தெற்காக 19 டிகிரி இறங்கினால் வரும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அடிவானத்துப் புழுதியில் தேட வேண்டிய இந்தக் கேலக்ஸி நமக்கு 50 டிகிரி உயரத்தில் கிடைக்கிறது, இலங்கையில் இன்னும் கூடுதல். 1.5 கோடி ஒளியாண்டு, முகம் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது, கரங்கள் முழுக்க நட்சத்திரப் பிறப்பு. நம் அட்சரேகையில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கொஞ்சம் கணக்கும் வரும், விட்டுவிடாதீர்கள்.

ஒரு ஆர்க் வினாடி (ஆர்க் நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) என்பது எம் 33-இன் தூரத்தில் 13 ஒளியாண்டு, எம் 101-இல் 100 ஒளியாண்டு, 5.5 கோடி ஒளியாண்டில் இருக்கும் எம் 100-இல் 270 ஒளியாண்டு. என்ஜிசி 604 அளவுள்ள ஒன்றை எம் 101-இல் வைத்தால் 15 ஆர்க் வினாடி, எம் 100-இல் ஐந்தாறு ஆர்க் வினாடி. காற்றின் நடுக்கமே 2, 3 ஆர்க் வினாடிக்கு எல்லாவற்றையும் மழுக்கிவிடும் நம் ஊர் வானத்தில், எம் 100-தான் ஏறக்குறைய எல்லை. அதற்கு மேல் போனால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து போகும். 8 அங்குல, 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள நியூட்டோனியன் டெலஸ்கோப்பும் 3.76 மைக்ரான் பிக்சலுள்ள கேமராவும் சேர்ந்தால் பிக்சலுக்கு 0.78 ஆர்க் வினாடி, இந்த வேலைக்கு அதுவே போதும்.

கறுப்பு-வெள்ளைக் கேமரா சிறந்தது. கலர் கேமராவில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் பார்க்கிறது. செய்ய முடியாது என்றில்லை, நேரம் அதிகம் பிடிக்கும். ஹெச்-ஆல்பாவில் ஐந்து நிமிடப் படங்களாக மொத்தம் மூன்று மணி நேரமாவது எடுங்கள், சாதாரணச் சிவப்பு ஃபில்டரில் ஒரு மணி நேரம். இரண்டும் கட்டாயம் வேண்டும், ஏன் என்பது கீழே.

அதற்கு முன் ஃபில்டர் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை யாரும் கடையில் சொல்வதில்லை. இன்று எல்லோரும் 3 நானோமீட்டர் ஃபில்டர்தான் உசத்தி என்று வாங்குகிறார்கள். நம் பால்வீதிக்குள் இருக்கும் நெபுலாவுக்கு அது சரி. ஆனால் பெரும்பாலான கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகிப் போகின்றன, அவற்றின் ஹெச்-ஆல்பாவும் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும், வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.2 நானோமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 656.3-ஐ நடுவாகக் கொண்ட 3 நானோமீட்டர் ஃபில்டருக்கு இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரைதான் இடம். எம் 33 நம்மை நோக்கி வருகிறது, 0.4 நானோமீட்டர் நீலப் பக்கம் நகர்வு, கவலையில்லை. எம் 101-க்கு 0.5, எம் 83-க்கு 1.1, இவையும் தப்பிக்கும். எம் 74-க்கு 1.4, விளிம்பில் நிற்கிறது. எம் 100 வினாடிக்கு ஏறக்குறைய 1,570 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நகர்வு 3.4 நானோமீட்டர். 3 நானோமீட்டர் ஃபில்டரில் இரவு முழுக்க எடுத்தாலும் அதன் நட்சத்திரப் பிறப்பு ஒன்றும் பதியாது, 7 நானோமீட்டரிலும் விளிம்பில் பாதி போய்விடும். அதோடு, எஃப்/2 மாதிரி வேகமான டெலஸ்கோப்பில் ஒளி சாய்வாக விழுவதால் ஃபில்டர் உள்ளே விடும் அலைநீளமே நீலப் பக்கம் நகரும், அதாவது நமக்கு வேண்டாத பக்கம். கேலக்ஸிக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் 6, 7 நானோமீட்டர் வாங்குங்கள், எம் 100 இருக்கும் விர்கோ கேலக்ஸிக் கொத்துக்குப் போகிறீர்கள் என்றால் பழைய 12 நானோமீட்டர் ஃபில்டர்தான் நல்லது. ஒவ்வொரு கேலக்ஸியின் வேகமும் நெட் (NED) என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், படமெடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதிலேயே ஒரு தந்திரமும் உண்டு. கந்தகத்துக்கான 672 நானோமீட்டர் ஃபில்டர் உங்களிடம் இருக்கலாம். வினாடிக்கு 7,000 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும் கோமா கொத்தின் கேலக்ஸிகளுக்கு ஹெச்-ஆல்பா நகர்ந்து வந்து நிற்பது அங்கேதான். தனித்தனித் திட்டு தெரியாது, ஆனால் எந்தக் கேலக்ஸியில் பிறப்பு நடக்கிறது, எதில் நின்றுவிட்டது என்று பிரித்துப் பார்க்கலாம்.

கழித்தல்

ஹெச்-ஆல்பா படத்தில் தெரிவதெல்லாம் ஹெச்-ஆல்பா இல்லை. அந்த 7 நானோமீட்டர் சன்னலுக்குள் சாதாரண நட்சத்திரங்களின் ஒளியும் வரும். கேலக்ஸியின் நடுப்பகுதி அதில் பளிச்சென்று தெரிவது அதனால்தான். நட்சத்திர ஒளியைக் கழித்தால்தான் உண்மையான திட்டுகள் மிஞ்சும், சிவப்பு ஃபில்டர் படம் தேவைப்படுவது இதற்கே.

சிரில் என்ற இலவச மென்பொருளே போதும். இரண்டு படங்களையும் தனித்தனியாக அடுக்கி, ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருத்துங்கள். ஸ்ட்ரெட்ச் செய்யாதீர்கள், அதாவது மங்கலானவை தெரியும்படி வெளிச்சத்தை ஏற்றாதீர்கள், நேர்கோட்டு நிலையிலேயே வேலை செய்ய வேண்டும், இது முக்கியம். இரண்டிலும் வானத்தின் பின்னணியைக் கழியுங்கள். ஒரு படத்தில் நட்சத்திரங்கள் இன்னொன்றைவிடக் கொழுத்திருந்தால் கூர்மையான படத்தைக் கொஞ்சம் மழுக்கி இரண்டையும் சமமாக்குங்கள். பிறகு வெளுத்துப் போகாத இருபது நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹெச்-ஆல்பா ஒளியைச் சிவப்பு ஒளியால் வகுத்து, வரும் விகிதங்களின் இடைநிலை மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் படத்தை அந்த எண்ணால் பெருக்கி, ஹெச்-ஆல்பா படத்திலிருந்து கழித்துவிடுங்கள். சரியாக வந்தால் நட்சத்திரங்கள் எல்லாம் காணாமல் போய், கேலக்ஸியின் மஞ்சள் உடல் மறைந்து, சுருள் கரத்தின் மேல் மணி கோத்த மாதிரி திட்டுகள் மட்டும் நிற்கும். முதல் தடவை இதைத் திரையில் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

கழித்த படத்தை நம்புவதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். பிரகாசமான நட்சத்திரம் இருந்த இடத்தில் வளையம் மிஞ்சினால் அது கழித்தலின் மிச்சம், நெபுலா இல்லை. நட்டநடுவில் ஒரு புள்ளி மிஞ்சினால் உடனே நட்சத்திரப் பிறப்பு என்று முடிவு கட்டாதீர்கள், எம் 51, எம் 77 போன்றவற்றின் நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவும் ஹெச்-ஆல்பாவில் ஒளிரும். சிவப்பு ஃபில்டருக்குள்ளும் ஹெச்-ஆல்பா இருப்பதால் திட்டுகளிலிருந்து சிறிதளவு கூடுதலாகவே கழிந்திருக்கும். அகலமான ஃபில்டர் என்றால் நைட்ரஜனின் 658.3 கோடும் கலந்திருக்கும்.

அளவிடவும் ஆசையா? படத்தை முறைப்படி அளவுதிருத்தி, தூரத்தை வைத்து மொத்த ஹெச்-ஆல்பா ஒளிர்வை வினாடிக்கு எர்க் (ஆற்றலின் ஒரு அலகு) கணக்கில் கண்டுபிடித்து, அதை 1.26×10⁴¹-ஆல் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை நட்சத்திரமாகிறது என்ற எண் வரும். ராபர்ட் கென்னிகட் 1998-இல் கொடுத்த சூத்திரம் இது. தூசி மறைத்த ஒளியை இது கணக்கில் எடுப்பதில்லை, அதனால் உங்களுக்கு வருவது குறைந்தபட்ச மதிப்பு.

தூசிக்குப் பின்னால் இருப்பது

அந்தத் தூசி சின்ன விஷயம் இல்லை. என்ஜிசி 253-இன் நடுவில் நட்சத்திரங்கள் வெறித்தனமான வேகத்தில் பிறக்கின்றன, ஆனால் நம் ஹெச்-ஆல்பா படத்தில் அதில் பெரும்பகுதி தெரியாது. அங்கே அகச்சிவப்புதான் உதவும், அதை வீட்டு மாடியிலிருந்து செய்ய முடியாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஃபாங்ஸ் திட்டப் படங்கள், 19 சுருள் கேலக்ஸிகள், 2024 ஜனவரியில் வெளிவந்தன, தரவு மாஸ்ட் (MAST) என்ற விண்வெளித் தொலைநோக்கித் தரவுக் காப்பகத்தில் இலவசம். என்ஜிசி 604-ஐயும் வெப் எடுத்திருக்கிறது. அப்புறம் புற ஊதா. நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பரில் ஏவப்பட்டது, அதிலுள்ள யூவிஐடி தொலைநோக்கி ஏறக்குறைய 1.5 ஆர்க் வினாடிக் கூர்மையில் கேலக்ஸிகளின் இளம் நட்சத்திரக் கூட்டங்களைப் படம்பிடித்தது, அதன் காப்பகத்தை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. புற ஊதா காட்டுவது கடந்த 100 மில்லியன் ஆண்டுக்குள் பிறந்தவற்றை, ஹெச்-ஆல்பா காட்டுவது நேற்றுப் பிறந்தவற்றை. எம் 83-இன் வெளிவிளிம்பில், கேலக்ஸியே இல்லை என்று நினைத்த தூரத்திலும் இளம் நட்சத்திரங்கள் இருப்பது தெரியவந்தது கேலெக்ஸ் என்ற புற ஊதாத் தொலைநோக்கியால்தான்.

அலாடின் லைட் தளத்தில் இந்த அடுக்குகள் பலவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். உங்கள் படத்தை அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் ஏற்றி வான ஆயத்தொலைவு சேர்த்துவிட்டால், கணினியில் இறக்கிப் பயன்படுத்தும் அலாடினில் அதையும் கூடவே அடுக்கலாம். எம் 51-இல் செய்து பாருங்கள். கரத்தின் உள்விளிம்பில் கறுப்புத் தூசிப் பட்டை, அதை ஒட்டி உங்கள் ஹெச்-ஆல்பா திட்டுகள், அதற்கும் வெளிப்பக்கம் நீலக் கூட்டங்கள் என்று பல இடங்களில் வரிசை தெரியும். வாயு கரத்துக்குள் நுழைந்து நெருக்கப்பட்டு நட்சத்திரமாகி வெளியேறும் வரிசை அது. எல்லா இடத்திலும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது, ஒழுங்கு கலைந்திருக்கும் இடங்களைக் குறித்துவையுங்கள், அவையும் முக்கியம்.

கடைசியாக, மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள், ஒவ்வொன்றிலும் உலகப் பொது நேரம் சரியாகப் பதிவாகிறதா என்றும் பாருங்கள். 2023 மே 19-ஆம் தேதி ஜப்பானில் கோயிச்சி இதாகாகி எம் 101-இல் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார், எஸ்என் 2023 ஐஎக்ஸ்எஃப். இருந்த இடம் என்ஜிசி 5461-க்குப் பக்கம். நட்சத்திரம் பிறக்கும் இடத்தில்தான் பெரிய நட்சத்திரங்கள் சாகவும் செய்யும். அதற்கு முந்தைய மணி நேரங்களில் தற்செயலாக எம் 101-ஐப் படமெடுத்து வைத்திருந்த அமெச்சூர்களின் கோப்புகளை வைத்துத்தான் வெடிப்பு எப்போது தொடங்கியது என்பதை ஆய்வாளர்கள் நெருக்கமாகக் கணிக்க முடிந்தது. எனவே எம் 83, எம் 101, எம் 74 மூன்றையும் சீசன் தோறும் ஒரு தடவையாவது அதே ஃபில்டரில் எடுத்துச் சேர்த்துவையுங்கள்.